முன்தண்டுக்காரன் தோள்

மே 4, ஞாயிறு

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். பொங்கலுக்கே சொன்னேன். "இந்த வருசம் கருட சேவைக்கு முன்னால என் தோள் ஒரு கலாட்டா பண்ணும் பாரு" என்று செங்கமலத்திடம் சொன்னேன். அவள் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாளாம், காதில் விழவில்லையாம். கட்டிக்கொண்ட முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்ன முக்கியமான எதுவும் அவள் காதில் விழுந்ததில்லை. அதனால்தான் சிமெண்ட் கடையில் கொடுத்த டைரியை இன்று எடுத்தேன். எழுதிவைத்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது. நான் எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். மற்றவர்கள் ஒரு வருடத்தோடு விட்டுவிட்டார்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காக: மாதவநல்லூர் பெருமாளை வீதிக்குத் தூக்கிவரும் முப்பத்திரண்டு சீர்பாதக்காரர்களில் நான் ஒருவன். ஒருவன் என்று சொல்லக் கூடாது. கருட சேவையன்று முன்தண்டில், வலது ஓரத்தில் நிற்பவன். அந்த இடம் எனக்குச் சும்மா வரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கருட சேவையில் நல்ல மழை. கீழவீதித் திருப்பத்தில் சேறு. பெருமாள் நனையக் கூடாது என்று மேலிருந்து தார்ப்பாயைப் போட்டார்கள். அது முன்தண்டுக்காரர்களையும் சேர்த்து மூடிவிட்டது. அந்த இருட்டுக்குள் ஆட்கள் வழுக்கி விழ, வாகனம் முன்பக்கம் சாய, ஒரே ஒரு தோள் மட்டும் தண்டைத் தாங்கி அரை நிமிடம் நின்றது. தார்ப்பாயை எடுத்தபோது எல்லோரும் பார்த்தது என் வலது தோளை. அதில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு காய்ப்பு.

"தாங்கினவன் தோள் இதுதான்டா" என்று அப்போதைய தலைவர் சொன்னார். முன்தண்டு ஆயுள் வரைக்கும் எனக்கு என்றும் சொன்னார்.

இந்த வருடம் தலைவர் மாறிவிட்டார். புதியவர் வரதப்பன். கொடியேற்றத்துக்குப் பதினோரு நாள் முன்னால் எங்களுக்குத் தோள் பார்க்கும் நாள் உண்டு. வாகன மண்டபத்தில் சட்டையில்லாமல் வரிசையாக நிற்க வேண்டும். தலைவர் விரலில் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு தோளாக அழுத்திப் பார்த்து இடம் சொல்வார். பழைய தலைவருக்குக் கண் மங்கல். கையில் தட்டுப்பட்டால் போதும் அவருக்கு. வரதப்பன் தச்சு வேலைக்காரர். பலகையில் கட்டைவிரலை வைத்தே உள்ளே பூச்சி இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம்.

என் காய்ப்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும். விரலால் தள்ளினால் தோலுக்கடியில் நகரும். நடுவில் கடுகு மாதிரி ஒரு கரும்புள்ளி வேறு. வரதப்பனுக்கு இதெல்லாம் பிடிக்காமல் போகலாம். ஆகவே மூன்று வாரத்துக்குள் இதைக் கெட்டிப்படுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன்.

மே 5, திங்கள்

காலையில் குழவிக் கல்லால் நூறு உருட்டு. இரவு சுடவைத்த செங்கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம். கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுவதுதான் என் பிழைப்பு, இன்று நாற்பது கேன். வலி இல்லை.

மே 7, புதன்

நூற்றைம்பது உருட்டு. காய்ப்பு பெரிதாகிவிட்டது. நான் சொன்னேன் அல்லவா.

"ஏங்க, இது செவந்து கெடக்கு" என்றாள் செங்கமலம்.

"ரத்தம் ஏறுது. கெட்டியாகும்போது அப்படித்தான்."

"கை வச்சா கொதிக்குதே?"

"செங்கல் சூடு."

"செங்கல் வச்சது ராத்திரி. இப்ப பகல் பதினொண்ணு."

பெண்களுக்கு வெப்பத்தைப் பற்றி அதிகம் தெரியாது. மோட்டார் தெரு பாத்திரக் கடைக்கு ஆறு கேன் இடது தோளில் தூக்கினேன். வலது தோளுக்கு ஓய்வு வேண்டும் என்பதால், வேறு காரணமில்லை.

மே 10, சனி

எழுத உட்கார முடியவில்லை, சாய முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. குப்புறப் படுத்து எழுதுகிறேன். இது வலியல்ல, விறுவிறுப்பு.

சாயங்காலம் செங்கமலம் ஊசியைச் சுடவைத்து எடுத்துவந்தாள். அவள் அம்மா வீட்டில் எல்லாக் கட்டிக்கும் அதுதான் வைத்தியமாம். கரும்புள்ளியில் குத்தி இரண்டு பக்கமும் அழுத்தினாள். பற்பசை மாதிரி வெள்ளையாக, சுருள் சுருளாக வந்தது. பின்னாலேயே வந்த வாசனையை எழுத எனக்குப் படிப்பு போதாது. ஊறவைத்து மறந்துபோன உளுந்து என்று வைத்துக்கொள்ளலாம். செங்கமலம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடிவிட்டாள்.

"பன்னெண்டு வருசம் பெருமாளைத் தூக்கின பாரம்டி அது! உள்ளேயே தங்கி இருந்திருக்கு!" என்று கத்தினேன்.

"பெருமாளுக்கு இந்த நாத்தம் வராதுங்க" என்று அங்கிருந்தே சொன்னாள்.

மே 12, திங்கள்

காய்ச்சல் நூற்றிரண்டு. நான் நூற்றைந்து வரை நடமாடியவன், ஆனாலும் குமுதவல்லி விடவில்லை.

குமுதவல்லி என் தங்கை மகள். இந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் அப்பா சாரங்கன், என் தங்கை மாப்பிள்ளை, அவரும் சீர்பாதக்காரர்தான். மழை பெய்த வருடம் முன்தண்டு, அதற்குப் பிறகு பின்தண்டு. பேச்சு குறைவு.

"மாமா, சட்டையைக் கழட்டுங்க" என்றாள் வந்ததும். பார்த்தாள். "அத்தை, இவருக்குக் குழவிக் கல்லை எடுத்துக் குடுத்தது யாரு?"

"அவரே எடுத்துக்கிட்டாரு. ஒரு வாரமா அம்மி சும்மா கெடக்கு, வீட்ல சட்னியே இல்ல."

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், பெயர் செண்பகவல்லி. என் பேரப்பிள்ளை வயதுதான் இருக்கும். எனக்குப் பேரப்பிள்ளை இல்லை, இருந்தால் அந்த வயது. நான் முதலிலேயே சொல்லிவிட்டேன்: "டாக்டரம்மா, இது சாதாரணக் கட்டி இல்ல. பெருமாள் பத்து நிமிசம் தனியா என் தோள்ல நின்னதால வந்த காய்ப்பு."

அவர் கையுறை போட்டு ஓரத்தில் தொட்டுப் பார்த்தார். "காய்ப்பு இல்லீங்க. காய்ப்புன்னா தோல் மேலயே தடிச்சு வரும், நகராது. இது தோலுக்கடியில இருக்கற பை. மயிர்க்கால் வாய் அடைச்சுக்கும், இல்ல எப்பவோ பட்ட சின்னக் காயத்துல மேல்தோல் உள்ள மாட்டிக்கும். தோல் எப்பவும் உதிர்ந்துக்கிட்டே இருக்குமில்ல? வெளிய போக வழியில்லாம உள்ளயே சேர்ந்துடும். உங்க வீட்ல பிதுக்கினாங்களே, அந்த வெள்ளைக் கூழ் அதுதான். நடுவுல கரும்புள்ளி இருந்துச்சுல்ல, அதுதான் அடைச்ச வாய்."

"அப்ப தூக்குனதால வரல?"

"எதையும் தூக்காதவங்களுக்கும் வரும். என் மாமனாருக்கு முதுகுல ஒண்ணு இருக்கு. அவர் பேப்பரைத் தவிர எதையும் தூக்கினதில்ல."

குமுதவல்லி சிரித்துவிட்டாள். டியூட்டி நேரத்தில் நர்ஸ் சிரிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

"டாக்டர், புத்து கித்துன்னு ஏதாச்சும்..." என்றாள் செங்கமலம். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"பயப்படாதீங்கம்மா. இது அனேகமா ஒண்ணும் செய்யாத கட்டி. எடுக்கறப்ப ஒரு துண்டைப் பரிசோதனைக்கும் அனுப்பிடுவோம். சும்மா விட்டிருந்தா அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். நசுக்கி, சுட்டு, ஊசியால குத்தி, உள்ள பை உடைஞ்சு சீழ் பிடிச்சிருக்கு."

சுகர் பார்த்தார்கள். நல்லவேளை, இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, சீழை வடித்து, உள்ளே துணி வைத்துக் கட்டினார்கள். நான் முனகவே இல்லை. முனகினேன் என்று குமுதவல்லி சொன்னால் நம்ப வேண்டாம்.

"இதோட முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்ல. இப்ப சீழ் மட்டும்தான் போயிருக்கு, பை உள்ளதான் இருக்கு. புண்ணா இருக்கறப்ப பையை எடுத்தா பிஞ்சுடும். ஆறு வாரம் போகட்டும், ஆறினதும் பையோட முழுசா எடுத்துடலாம். ஒரு துணுக்கு நின்னாலும் திரும்ப வளரும். அதுவரைக்கும் அந்தத் தோள்ல எதையும் தூக்கக் கூடாது."

"பெருமாளை?"

"பெருமாளையும்தான்."

ஆறு வாரம் என்றால் ஜூன் கடைசி. கருட சேவை ஜூன் எட்டு. டாக்டர்கள் திருவிழா தேதி பார்த்துப் பேசுவதில்லை.

மே 14, புதன்

மாத்திரை ஒருநாளைக்கு மூன்று. கேன் வண்டியை வாடகைக்கு விட்டாயிற்று. திட்டம் போட்டுவிட்டேன். தோள் பார்க்கும் நாளில் கட்டுக்குமேல் அங்கவஸ்திரம். கேட்டால் வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். முன்தண்டை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வரதப்பன் தச்சர்தானே, எமன் இல்லையே.

மே 18, ஞாயிறு

குமுதவல்லி கட்டு மாற்ற வந்தாள். கூடவே சாரங்கன் மாப்பிள்ளை. ஒரு டஜன் மலைவாழைப்பழம் வாங்கிவந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் எப்போதும் நுனியில்தான் உட்காருவார்.

"வலி இருக்கா மச்சான்?"

"வலியா? எனக்கா? பெருமாளை அரை மணி நேரம் தனியா நிறுத்தினவனுக்கு இது ஒரு வலியா மாப்ளே?"

"ஆமா ஆமா" என்றார்.

துணியை உருவும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் கவனத்தைத் திருப்ப என்று நினைத்தாளோ என்னவோ, குமுதவல்லி பேசிக்கொண்டே இருந்தாள். "மாமா, அப்பா பெட்டியில கிழிஞ்ச வேட்டி ஒண்ணு இருக்கு தெரியுமா? இடுப்புப் பக்கம் யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி நீளமாக் கிழிஞ்சிருக்கு. சேத்துக் கறை போகவே இல்ல. தூக்கிப் போடுன்னு அம்மா பன்னெண்டு வருசமா சொல்றாங்க. எதுக்கு வச்சிருக்கீங்கன்னு கேட்டா சிரிக்கிறாரு."

மாப்பிள்ளை வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் வெயில் ரொம்ப அதிகம் என்று நான் சொன்னேன். அதைப் பற்றி நிறையப் பேசினோம். நான் பேசினேன்.

மே 25, ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

வாகன மண்டபத்தில் முப்பத்திரண்டு பேர். எல்லோரும் வெற்றுடம்பு. நான் மட்டும் அங்கவஸ்திரம். வரதப்பன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"என்ன கஜேந்திரன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி போத்திக்கிட்டு?"

"வேண்டுதல்."

"தோள் பாக்கற அன்னைக்குத் தோளை மூடற வேண்டுதலா?" என்று சொல்லி மெல்ல விலக்கினார். கட்டைப் பார்த்தார். மருந்து வாசனை மண்டபம் முழுக்க வந்தது. பின்னால் நின்ற கல்யாணராமன், எனக்கு ஆகாதவன், "காய்ப்பு பழுத்துருச்சு டோய்" என்றான். சிரித்தார்கள். முப்பத்தொரு பேர் சிரித்தார்கள் என்று எழுதினால் தவறு. முப்பது பேர்.

நான் விடவில்லை. "டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாங்க. இப்படியொரு காய்ப்பை மருத்துவ உலகமே பாத்ததில்லைன்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க" என்றேன்.

"எடுக்கட்டும். இந்த வருசம் நீ தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வரதப்பன் அடுத்தவரிடம் போனார். ஒவ்வொருவராக அழுத்திக்கொண்டே போனவர் சாரங்கன் மாப்பிள்ளையிடம் வந்ததும் நின்றுவிட்டார். கட்டைவிரலால் ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. மாப்பிள்ளை தோளில் மேடு எதுவும் கிடையாது. தட்டையாக, உள்ளங்கை அகலத்துக்கு, பாதத்துத் தோல் மாதிரி கறுத்துத் தடித்திருந்தது. இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

"இந்தத் தோளை எவன் பின்தண்டுல போட்டது?" என்றார் வரதப்பன்.

"சாரங்கன், இந்த வருசம் முன்தண்டு வலது ஓரம் நீதான்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. "அந்த இடம் மழையில தனியாத் தாங்கினவருக்குன்னு ஆயுசுக்கும் குடுத்தது. அவர் உசிரோட இருக்கறப்ப நான் எப்படி நிக்கிறது? காலியா இருக்கட்டும்."

"அஞ்சு பேர் நிக்கிற முன்தண்டுல நாலு பேரா? கருடன் என்ன எடைன்னு தெரியும்ல? கீழவீதித் திருப்பத்துல ஒரு பக்கம் சாஞ்சுதுன்னா?"

"அது பெருமாள் பாடு" என்றார் மாப்பிள்ளை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது பெருமாள் சன்னிதிப் பக்கம் அல்ல.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். சாப்பிடவில்லை. மாத்திரை பசியைக் குறைக்கும் என்று குமுதவல்லி சொல்லியிருக்கிறாள்.

மே 29, வியாழன்

புண் ஆறுகிறது. டாக்டரே எதிர்பார்க்காத வேகம்.

ஜூன் 1, ஞாயிறு

முன்தண்டு வலது ஓரத்துக்கு வேறு நான்கு பேரைக் கேட்டுப் பார்த்தார்களாம். சாரங்கனே ஒதுங்கின இடத்தில் நாங்கள் எப்படி நிற்பது என்று நால்வரும் மறுத்துவிட்டார்களாம். கல்யாணராமன்கூட. செங்கமலம் ரேஷன் கடையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

சொல்லிவிட்டு முருங்கைக் கீரை ஆய உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வருசம் திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னால, நீங்க சவரத்துக்குப் போயிட்டு வந்து, தோள்ல பட்டாணி மாதிரி என்னமோ இருக்குன்னு முடி வெட்டற பரமன் சொன்னான், பாருடின்னு காட்டினீங்க. நான் பாத்தேன்" என்றாள்.

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. கீரையில புழு இருக்கான்னு பாருங்க."

அவள் காதில் எதுவும் விழுவதில்லை என்று முன்பு எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஜூன் 4, புதன்

நாளை கொடியேற்றம். இன்று நானாகவே வரதப்பன் பட்டறைக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. பத்துப் பதினைந்து சீர்பாதக்காரர்கள் கருட வாகனத்துக்கு ஆணி இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் இருந்தார்.

நடுவில் போய் நின்று சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்குங்க. பன்னெண்டு வருசமா ஒரு ரகசியத்தை மனசுக்குள்ள வச்சு உங்களை எல்லாம் சோதிச்சேன். ஒருத்தனுக்காவது கேக்கணும்னு தோணுதான்னு பாத்தேன். தோணல. அன்னைக்குத் தார்ப்பாய்க்குள்ள தாங்கினது ஒருத்தர் இல்ல. ரெண்டு பேர். நானும் எங்க மாப்பிள்ளையும். அவர் பேர் வெளிய வரக் கூடாதுன்னு அவரே கேட்டுக்கிட்டாரு, அவ்ளோ அடக்கம். ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லன்னா, இன்னொருத்தர் நிக்கிறதுதானே முறை?"

பட்டறையில் ரம்பச் சத்தம் நின்றுபோனது. வரதப்பன் என்னைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "அப்படியா சாரங்கன்?"

மாப்பிள்ளை கையிலிருந்த ஆணியை உருட்டிக்கொண்டே இருந்தார். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"அப்ப நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

கல்யாணராமன் வந்து என் கையைக் குலுக்கினான். நான் வீரன் என்று பட்டறை முழுக்கப் பேச்சு. வரும் வழியில் தோள் லேசாக அரித்தது. ஆறும்போது அரிக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

கருட சேவை. நான் வாகனத்துக்கு முன்னால் வெறுங்கையோடு நடந்தேன், வழி விலக்கிக்கொண்டு. என் குரல் இல்லாவிட்டால் கூட்டம் நகர்ந்திருக்காது. கீழவீதித் திருப்பத்தில் தண்ணீர் லாரி கொட்டிய ஈரம். வாகனம் ஒரு கணம் சாய்ந்தது. பின்னால் பார்த்தேன். வலது ஓரத்தில் மாப்பிள்ளை முழங்காலை மடக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தண்டு அவர் தோளில் ஊன்றியது போல இருந்தது. பிறகு எல்லோரும் நேரானார்கள்.

இதுவரை நான் அதை வெளியிலிருந்து பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கீழேயிருந்து பார்த்திருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் பையை எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி, இருபது நிமிடம், ஐந்து தையல். குமுதவல்லி கூடவே நின்றாள். டாக்டர் செண்பகவல்லி ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். உரித்த சின்ன வெங்காயம் மாதிரி, வெள்ளையாக, ஒரு கிழிசல் இல்லாமல்.

"முழுசா வந்துருச்சா?" என்றேன்.

"முழுசா. இனிமே வராது."

"கொஞ்சம் விட்டிருந்தா?"

"அதான் சொன்னேனே. வடிச்சு விட்டா வத்தின மாதிரிதான் தெரியும். அப்புறம் மெல்ல அதே இடத்துல."

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். என் தோள் மற்றவர்கள் தோள் மாதிரியே இருக்கிறது. ரொம்ப அசிங்கமாக இல்லை. அடுத்த வருடம் தோள் பார்க்கும் நாளில் வெற்றுடம்போடு போய் நிற்பேன். வரதப்பன் அழுத்தட்டும், பின்தண்டு என்று சொல்லட்டும். எந்தத் தண்டாக இருந்தாலும் என்னை மாதிரி தூக்க இந்த ஊரில் ஆளில்லை. இதையும் இப்போதே எழுதிவைக்கிறேன், முன்கூட்டியே.

இனி ஒரு விஷயம். இந்த டைரியில் நான் எழுதியது எல்லாம் உண்மை, நேரக் கணக்குகள் முன்னே பின்னே இருக்கலாம். பட்டறையில் சொன்னதில் மட்டும் ஒரு விவரம் நான் சேர்த்தது. தார்ப்பாய்க்குள் தாங்கியது இரண்டு பேர் அல்ல, ஒருவர்தான். முதலில் வழுக்கியது நான். விழுந்தவன் மிதிபடாமல் இருக்க எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது. பெருமாளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நின்றார், நான் சேற்றில் முட்டிபோட்டு அவர் வேட்டியைப் பிடித்துத் தொங்கினேன். தார்ப்பாயை எடுப்பதற்குள் எழுந்து தோள் கொடுத்துவிட்டேன், ஆனால் அந்த வேட்டி கிழிந்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

டைரியைப் பீரோவில் வைக்கவில்லை. பஞ்சும் பிளாஸ்திரியும் இருக்கிற டப்பாவுக்கு மேலேயே திறந்து வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் குமுதவல்லி கட்டு மாற்ற வருவாள். படித்துவிட்டு வரதப்பனிடம் சொல்வதானால் சொல்லட்டும். நான் ஒன்றும் பயந்தவன் இல்லை.